தலையெழுத்து இல்லாத ஃபைல்

என் தங்கச்சியின் பெயர் ஷ என்ற எழுத்தில் தொடங்கும். எனக்கு வைத்தது குலசாமியின் பெயர். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து நிற்போம். ஐந்து வருடம் கழித்துப் பிறந்தவளுக்கு மட்டும், டிஸ்பென்சரியில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி “புதுசா ஒரு பேரு வைங்க” என்று சொல்ல, எங்கள் அப்பாவும் தலையை ஆட்டிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அவளுடைய கொப்பி மட்டைகளில் பெயர் எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதும்போதெல்லாம் வேண்டுமென்றே ஷ-வுக்குப் பதில் ச போடுவேன். “அம்மா, அக்கா மறுபடியும் ச போட்டுட்டா!” என்று அவள் போடுகிற கூச்சலில் பக்கத்து லயத்து வீடுகளில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். என்ன செய்ய, அந்த ஒரு எழுத்தில்தான் என் முழுப் பொறாமையும் இருந்தது.

அதே எழுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. இப்போது நிம்மதியாக உட்கார்ந்து சொல்ல முடிகிறது, அதனால் சொல்கிறேன்.

சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம். எல்கடுவத் தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் இருக்க, நான் மாத்தளை டவுனில் பஸ் நிலையத்துக்குக் கிட்டவே ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். வெளியூருக்கு ஃபோன் பேசுவது, ஃபேக்ஸ் அனுப்புவது, போட்டோக் கொப்பி எடுப்பது, கடிதம் அடித்து வாங்குவது, எல்லாம் அந்த ஒரே கடையில். கடைக்காரர் அலுவிகாரையில் குடியிருந்த முஸ்லிம். அவரை நானா என்போம். என்னோடு வேலை செய்தவர் டவுனிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை ராத்தா என்பேன். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. அவர் என்னைப் ‘புள்ள’ என்பார். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கொம்பியூட்டர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கொம்பியூட்டர் அதை நன்றாகவே வளர்த்துவிட்டது.

கடிதம் அடிக்கிற புரோகிராமில் பழைய ஃபைல் ஒன்றைத் திறக்கப் போனால் சின்னதாக ஒரு ஜன்னல் வரும். அதன் இடது பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை. பட்டையில் ஐந்து படம். ஒரு படத்தை அழுத்தினால் நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். நல்ல வசதிதான், ஆனால் அந்த ஐந்தில் ஒன்றுகூட எங்களுக்கு உதவாது. ‘என்னுடைய டாக்குமெண்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். யாருடைய? என்னுடையதா, ராத்தாவுடையதா, நானாவுடையதா? எங்கள் ஃபைல்கள் இருந்த இடமே வேறு. நானா ஆரம்பத்தில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர் என்று வைத்துப் பழகிவிட்டார். அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஏழு தடவை அழுத்த வேண்டும். நான் ஐந்தாவதை அழுத்தும்போது வெளியே நாவுல ஊருக்குப் போகிற பஸ் ஹோர்ன் அடிக்கும். “மிஸ், பஸ் போகப் போகுது” என்று கடிதம் வாங்க வந்தவர் தவிப்பார். ஒவ்வொரு தடவை ஜன்னல் திறக்கும்போதும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருநாள் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஜன்னலில் இருந்த பொத்தான் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அழுத்தினேன்.

வலது பக்க மூலையில் இருந்த ‘டூல்ஸ்’ என்பதை அழுத்தினால் ஒரு பட்டியல் இறங்கியது. அதன் கடைசியில், நீ இப்போது நிற்கிற ஃபோல்டரை அந்தப் பட்டையில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. அட பாவி! இவ்வளவு நாளாக இதையா ஒளித்து வைத்திருந்தாய்?

அன்றைக்குப் பின்னேரம் முழுதும் எனக்கு அதே வேலை. வாடிக்கையாளர்களின் ஃபைல்களை ஊர் ஊராகப் பிரித்தேன். ஆட்களின் பெயரால் பிரிக்க முடியாது. எங்கள் தோட்டங்களில் ஒரே பெயருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். எல்கடுவ ஒரு ஃபோல்டர், நாவுல ஒன்று, அலுவிகாரை ஒன்று, டவுன் ஒன்று. நான்கையும் இடது பட்டையில் ஏற்றினேன். படங்கள் பெரிதாக இருந்ததால் நான்காவது கண்ணில் படாமல் கீழே போயிற்று. பட்டையில் ரைட் க்ளிக் செய்து பார்த்தால் படத்தைச் சின்னதாக்கவும் வழி இருந்தது, மேலே கீழே நகர்த்தவும் வழி இருந்தது. ஏழு அழுத்தல் ஒன்றாகிவிட்டது. நானா வந்து பார்த்துவிட்டு, “என்ன புள்ள, பஸ் போர்டு மாதிரி ஊர் பேரெல்லாம் போட்டு வச்சிரிக்கீங்க?” என்று கேலி பண்ணினார். பண்ணட்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனிமேல் இந்தக் கடையில் ஒரு ஃபைலும் காணாமல் போகாது என்று ராத்தாவிடம் பெரிய வாய் பேசினேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. அன்றைய தமிழ் எழுத்து இன்றைக்குப் போல இல்லை. கொம்பியூட்டருக்கு நாம் அடிப்பது தமிழ் என்றே தெரியாது. அதற்கு எல்லாம் இங்கிலிஷ்தான். எழுத்துருவை மாற்றினால் அதே இங்கிலிஷ் எழுத்து தாளில் தமிழாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் பெட்டியில் அந்த எழுத்துரு வேலை செய்யாது. அங்கே ‘அம்மா’ என்று அடித்தால் mk;kh என்று நிற்கும். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படித்தவர்கள் இங்கிலிஷில் பெயர் வைப்பார்கள். எனக்கும் ராத்தாவுக்கும் விரல் ஓடுவது தமிழில்தான், அதனால் பெயரையும் தமிழ் விரலிலேயே வைத்தோம். பழகப் பழக அந்தக் கிறுக்கலைக் கடகடவென்று வாசிக்கவும் வந்துவிட்டது. நானாவுக்குத்தான் ஒன்றும் விளங்காது. “இது என்ன பாஷை, எனக்கு ஒரு எழுத்தும் புடிபடுதில்லயே” என்று தலையைச் சொறிவார்.

அதில் ஒரு எழுத்து மட்டும் எங்களோடு ஒத்துப் போகவில்லை. ஷ. அது இருந்த விசை, எண்டர் விசைக்கு மேலே உள்ள சாய்ந்த கோடு. பெயரின் நடுவில் ஷ வந்தால், அப்படி ஒரு இடமே இல்லை என்று கொம்பியூட்டர் சண்டைக்கு வரும். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. தாளில் ஷ, ஃபைலின் பெயரில் ச என்று நான் பழகிக்கொண்டேன். ச போடுவது எனக்குப் புதிய வேலையா என்ன? ராத்தா மட்டும் கேட்கமாட்டார். “ஆட்கள்ட பேர மாத்தப் பொடாது புள்ள” என்று ஷ-வையே அடிப்பார். அவருடைய அக்கம்பக்கத்தில் ஷ-வில் தொடங்குகிற பெயர்களுக்குக் குறைவில்லை. பெயரின் முதலில் வந்தால் கொம்பியூட்டர் ஒன்றும் சொல்லாமல் சேமித்துக்கொள்ளும். ஆனால் அடுத்த நாள் பார்த்தால் அந்த ஃபைல் இருக்காது. கல்யாண அழைப்பிதழ் ஒன்று அப்படிப் போயிற்று, வேலைக்கு விண்ணப்பம் ஒன்று போயிற்று. “சேவ் பண்ணினேன், அல்லா மேல ஆணை” என்பார். “நீங்கதான் எதையாவது அமுக்கி அழிச்சிருப்பீங்க” என்று நான் எரிந்து விழுவேன். அவர் முகம் சுருங்கிப் போகும். பாவம், எத்தனை தடவை அப்படிப் பேசியிருப்பேனோ தெரியாது.

தங்கச்சி அப்போது கொழும்பில் ஒரு கார்மெண்ட் ஃபெக்டரியில் வேலை செய்தாள். தைப்பொங்கலுக்கு லீவில் வந்தவள் திரும்பிப் போகிற அன்று கடைக்கு வந்தாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கொழும்பில் தமிழ்ப் பிள்ளை ஒன்று அடையாள அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத காலம். ஒரு பிரதி என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி, இரண்டும் ஒரே தாளில் வரும்படி ஒட்டி, இரண்டு பிரதி அச்சடித்து அவளிடம் கொடுத்தேன். பிறகு இடது பட்டையில் எல்கடுவவை அழுத்தி, பெயர் வைக்கப் போனேன். அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சத்தியமா சொல்லு. ச-வா போடப் போற?”

“ஃபைல் பேருதானடி. யாரு பார்க்கப் போறா?”

“நான் பார்க்கிறேன்ல. ஒழுங்கா போடு.”

ஊருக்குப் போகிற பிள்ளை, எதற்கு வம்பு என்று ஷ-வையே போட்டேன். என் வாழ்க்கையில் அவள் பெயரை அவள் கேட்டபடி நான் எழுதியது அன்றுதான் என்று நினைக்கிறேன். கொம்பியூட்டரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இளித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

ஒரு மாதம் கழித்து, பஸ் நெரிசலில் அவளுடைய பர்ஸை யாரோ அடித்துவிட்டார்கள். அட்டை போயிற்று, அதோடு மடித்து வைத்திருந்த பிரதியும் போயிற்று. இன்னொரு பிரதியை வேலைக்குச் சேர்ந்த இடத்து ஒஃபிஸில் கொடுத்திருந்தாள். பொலிஸில் முறைப்பாடு எழுதி, அந்தத் துண்டை வைத்துக்கொண்டு புது அட்டைக்கு விண்ணப்பித்தாள். அது வர மாதக்கணக்காகும் என்றார்கள். “பார்த்து இருடி” என்று ஃபோனில் சொன்னேன். பிரதி என்னிடம் இருக்கிறதே என்ற தைரியத்தில் வேறு ஒன்றும் செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையை அரை நாளுக்குத்தான் திறந்திருந்தோம். பதினொன்றரை இருக்கும். ஃபோனை எடுத்த நானா என்னைப் பார்த்தார். “உங்களுக்குத்தான். சிங்களத்துல பேசுறாங்க. கொழும்பு.”

தங்கச்சி தங்கியிருந்த போர்டிங் வீட்டுக்கார அம்மா அவர், நோனா என்போம். நல்ல மனுஷி. சிங்களத்தில் படபடவென்று சொன்னார். விடியற்காலையில் பொலிஸார் அந்தத் தெருவைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். அட்டை இல்லாத தமிழ்ப் பிள்ளைகளை ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்விட்டார்கள். நோனாவும் கூடவே போய் வாசலில் நிற்கிறார். முறைப்பாட்டுத் துண்டில் படம் இல்லை, அது செல்லாது என்கிறார்களாம். படமும் நம்பரும் தெரிகிற மாதிரி அட்டையின் பிரதி ஏதாவது வந்தால் விட்டுவிடலாம் என்று அங்கே ஒரு அதிகாரி சொல்லியிருக்கிறார். கார்மெண்ட் ஒஃபிஸ் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. “இரண்டு மணிக்கு பஸ் வரும் மகள். மிச்சம் இருக்கிறவர்களை அதில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்புவார்களாம். எந்த இடம் என்று சொல்கிறார்கள் இல்லை. அதற்கு முன்னால் அனுப்பு.” ஸ்டேஷனின் ஃபேக்ஸ் நம்பரைச் சொன்னார். நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஏற்றப்பட்ட பிள்ளைகளை எந்த இடம் என்று தெரியாமல் மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேலிடங்களுக்குக் கொடுக்கிற கடிதங்களை அடித்ததே நான்தான். ஆனாலும் கையில் மருந்து இருக்கிற ஆள் மாதிரி ஒரு தெம்பும் இருந்தது. கொம்பியூட்டரில் போய் உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்தேன். இடது பட்டை. எல்கடுவ. ஒரே ஒரு அழுத்தல்.

ஃபைல் இல்லை.

மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். நாவுலவில் பார்த்தேன், அலுவிகாரையில் பார்த்தேன், டவுனில் பார்த்தேன். கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பட்டியல் வேறு எவர் எவருடைய கடிதங்களையோ காட்டியது. தேடுகிற பெட்டியில் பழக்கதோஷத்தில் ச போட்டு அவள் பெயரை அடித்தேன். இல்லை. ஷ போட்டு அடித்தேன். இல்லை. பெயரின் பின்பாதியை மட்டும் போட்டுத் தேடியிருந்தால் கிடைத்திருக்கும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று ஊர் ஊராக இழுத்துப் போட்டபோது நானே எங்கேயாவது தொலைத்துவிட்டேனா? பெரிய கெட்டிக்காரி! பஸ் போர்டு எழுதத் தெரிந்தவளுக்குச் சொந்தத் தங்கச்சியைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“வீட்டுல வேற ஒன்னும் இல்லையா? பேர்த் சேர்ட்டிபிகேட்?” என்று நானா கேட்டார்.

“தோட்டத்துல இருக்கு நானா. போய் எடுத்துட்டு வர ரெண்டு மணி தாண்டிரும். அதுல படமும் இல்ல.”

ராத்தா வந்தார். என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்து, “நீங்க எதையாவது அழிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அந்த நேரத்திலும் என் வாய்க்கு அப்படித்தான் வந்தது.

“இல்ல புள்ள,” என்றார் மெதுவாக. “நான் அழிக்கல்ல. ஒரு நாளும் ஒன்னும் அழிச்சதில்ல.”

மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. ஒன்றும் இல்லாததற்கு ஒரு கடிதமாவது அனுப்புங்கள் என்று நானா சொன்னார். இவள் இன்ன தோட்டத்துப் பிள்ளை, இன்னாருடைய மகள், இன்ன இடத்தில் வேலை செய்கிறாள் என்று நான் தமிழில் அடிப்பது, கீழே அவர் சிங்களத்தில் கையால் எழுதிக் கடை முத்திரை குத்துவது என்று முடிவானது. அது எடுபடாது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அடித்தேன். கண்ணீரில் திரை மங்கலாகத் தெரிந்தது. பொலிஸுக்குப் போகிற கடிதம், பெயரில் பிழை வந்தால் அதுவே இன்னொரு சந்தேகமாகும் என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அவள் பெயரை ஷ போட்டே அடித்தேன்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் இருந்தது. அச்சடிக்கும் முன் சேமிக்க வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் கை தன்பாட்டில் அங்கே போயிற்று. பெயர் கேட்கும் பெட்டி வந்தது. கடிதத்தில் அடித்த அதே வேகத்தில் விரல் அவள் பெயரை ஷ-விலேயே அடித்து, எண்டரையும் தட்டியது.

அப்போது கொம்பியூட்டர் ஒரு கேள்வி கேட்டது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா?

என் விரல் எண்டருக்கு மேலேயே இருந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தக் கேள்வி வரும், இருபது தடவையும் வாசிக்காமல் தட்டுகிறவள் நான். தட்டத்தான் போனேன்.

“பொறு!” என்று கத்தினார் ராத்தா. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேவிட்டார். “ஈக்கிண்டு சொல்லுது புள்ள! அந்தப் பேர்ல ஒன்னு ஈக்கிண்டுதானே கேக்குது!”

இருக்கிறது! எங்கே என்று தெரியாது, ஆனால் இருக்கிறது. கொம்பியூட்டரே சொல்கிறது. வேண்டாம் என்பதை அழுத்தினேன். அழுத்தியது அதைத்தானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு ஃபைல் திறக்கும் ஜன்னலை வரவழைத்தேன். இந்த முறை இடது பட்டைப் பக்கமே போகவில்லை. கீழே பெயர் எழுதும் பெட்டியில் அதே பெயரை, அதே ஷ போட்டு அடித்தேன். பிஸ்மில்லாஹ் என்றார் ராத்தா. நான் முருகா என்றேன். எண்டர்.

திரையில் தங்கச்சி வந்துவிட்டாள். முன்பக்கத்தில் அவள் முகம், அட்டைக்கு என்று எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை, முறைத்த பார்வை. பின்பக்கத்தில் எங்கள் தோட்டத்தின் பெயர். நான் மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன். “அழுறத பொறகு அழுங்க, முதல்ல ஃபேக்ஸ் அடிங்க!” என்று நானா அதட்டிய பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

அச்சடித்து மெஷினில் வைத்தேன். முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை அந்தப் பக்கம் கீச்சிட்டது, தாள் அங்குலம் அங்குலமாக உள்ளே போயிற்று. நானா உடனே ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டு, சிங்களத்தில், ஐயா தயவுசெய்து மெஷினைப் பாருங்கள், முகம் கறுப்பாக விழுந்திருந்தால் இன்னொரு தடவை அனுப்புகிறோம், நம்பரை வாயால் வேண்டுமானாலும் சொல்கிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். நம்பர் சரியாகத் தெரிகிறது, பார்க்கிறோம் என்றார்களாம். பிறகு காத்திருந்தோம். வழக்கமாகக் கடை பூட்டுகிற நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ராத்தா தொழுதுவிட்டு வந்தார். நான் கடிகாரத்தையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ஒன்றே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. நான் பாய்ந்து எடுத்தேன்.

“அக்கா.”

“எங்கடி இருக்க?”

“ரோட்டுல. நோனா கூட. விட்டுட்டாங்க. பசிக்குது அக்கா.”

போன உயிர் திரும்பி வந்தது. எனக்கோ வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை. “எருமை மாடே, பர்ஸ பத்திரமா வச்சிக்கத் துப்பில்ல, உனக்குக் கொழும்பு ஒரு கேடா?” என்று கத்தினேன். கத்திக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். அந்தப் பக்கம் அவளும் அதேதான். ஃபோனை வாங்கிய நோனாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எத்தனை விதமாக நன்றி சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னேன். நானா கடைக் கதவை இழுத்துவிட்டு எதிர்க்கடையிலிருந்து மூன்று பிளேன்டீ வரவழைத்தார். அவ்வளவு ருசியான பிளேன்டீயை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக, அந்த ஃபைல் எங்கேதான் உட்கார்ந்திருந்தது என்று தேடினேன். கிடைத்தது. எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல், டிரைவைத் திறந்தவுடனே, வாசலிலேயே கிடந்தது. ஷ இல்லாமல், மிச்சப் பெயரோடு. அந்தச் சாய்ந்த கோடு கொம்பியூட்டருக்கு எழுத்தே இல்லை, அது வழி காட்டுகிற குறி என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெயருக்கு முன்னால் அது வந்தால், இருக்கிற ஃபோல்டர்களை எல்லாம் விட்டு வெளியே வா என்று அர்த்தமாம். நான் அன்போடு ஷ போட்டேன், அது பிள்ளையை வாசலில் விட்டுவிட்டது.

அவள் தனியாகவும் இல்லை. அவளைச் சுற்றி இன்னும் ஏழு ஃபைல்கள் கிடந்தன. எல்லாம் தலையெழுத்து இல்லாத பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஷ-வைச் சேர்த்து வாசித்தேன். ராத்தாவின் பக்கத்து வீட்டுக் கல்யாணம். வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளை. ராத்தா சேமித்தது அத்தனையும் அப்படியே பத்திரமாக இருந்தது. அவர் வந்ததும் நாற்காலியைக் கொடுத்து, திரையைக் காட்டினேன். அவரும் ஷ சேர்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஏழையும் வாசித்து முடித்தார்.

“நான் அழிக்கல்ல,” என்றார்.

“இல்ல ராத்தா. நீங்க அழிக்கல. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிருங்க.”

“சரி, உடுங்க புள்ள,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆட்கள்ட பேர மாத்தப் பொடாதுண்டு சொன்னேனா இல்லயா?” பிறகு அவரே சிரித்துவிட்டார். நேற்று அவர் என் கையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் முடிக்கவிடவில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்குத் தங்கச்சி வந்தாள். பஸ்ஸால் இறங்கி நேராகக் கடைக்கு வந்தவளை ராத்தா கட்டிப் பிடித்துக்கொண்டார். அதற்குள் நான் இடது பட்டையில் புதிதாக ஒரு ஃபோல்டரை ஏற்றி வைத்திருந்தேன். அவளுக்கென்றே ஒரு ஃபோல்டர். அட்டையின் பிரதி, பிறப்புப் பத்திரம், தோட்டத்துக் கடிதம், எல்லாம் அதற்குள். ஜன்னலைத் திறந்து காட்டினேன்.

“இது என்னா எழுதியிருக்கு?” என்று அந்தக் கிறுக்கலின் மேல் விரலை வைத்தாள்.

“உன் பேருதான்.”

அவளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். முதல் எழுத்தை உற்றுப் பார்த்தாள். “ச-வா போட்டிருக்க?”

“ஷ போட்டா வெளிய ஓடிருவடி. அந்தக் கொம்பியூட்டருக்கு அது ஆகாது. வேணும்னா...”

கூச்சல் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அவள் என் தோளில் நாடியை வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அங்க நாங்க பதினாலு பேரு தரையில உக்காந்திருந்தோம் அக்கா. பஸ்ஸு நேரத்தோடயே வந்து நின்னுருச்சு. அப்பதான் ஒருத்தரு நீ அனுப்பின கடதாசியக் கையில வச்சிக்கிட்டு வந்து என் பேரக் கூப்பிட்டாரு. எப்படிக் கூப்பிட்டாருன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல. ச-ன்னு கூப்பிட்டிருந்தாலும் நான் எந்திரிச்சு ஓடித்தான் போயிருப்பேன்.”

மிச்சம் பதின்மூன்று பேரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“ச-வே இருக்கட்டும்,” என்றாள். பிறகு என் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கி, ரைட் க்ளிக் செய்து, தன் பெயரை ஒவ்வொரு படியாக மேலே தூக்கினாள். டவுனைத் தாண்டி, அலுவிகாரையைத் தாண்டி, நாவுலவைத் தாண்டி, எல்கடுவவுக்கும் மேலே கொண்டு போய் வைத்துவிட்டுத்தான் மவுஸை விட்டாள்.